புதுப்பிப்பு: பிரஷ்யத் தலைக்கவசத்தின் பித்தளையில் படிந்த பச்சைக் களிம்பு நீங்கியது

கூர்முனை கொண்ட பிரஷ்யத் தோல் தலைக்கவசமான பிக்கல்ஹௌபே, 1895 மாதிரி ஒன்றின் கழுகுச் சின்னம் கறுத்துப் பச்சை பூத்திருப்பதைப் பற்றிச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மெருகுப் பசையைத் தொடாமல் மரக்குச்சியும் ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெட்ரோலியக் கரைப்பானும் போதும் என்ற யோசனையே பலனளித்தது. கழுகின் பின்புற வளையங்களில் செருகியிருந்த சிறு தோல் ஆப்புகளை மெல்ல உருவி, சின்னத்தைத் தோலிலிருந்து முற்றிலும் பிரித்த பிறகே வேலையைத் தொடங்கினேன். தோலின் கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து உண்டான அந்தப் பச்சை மெழுகு, பல்குத்தும் குச்சியால் சுரண்டியதும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. எஞ்சியதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு எடுத்தது. கறுப்பு முழுவதும் போகவில்லை; போக்கவும் நான் விரும்பவில்லை. புளி தேய்க்கச் சொன்னவர் மன்னிக்க வேண்டும்: குத்துவிளக்குக்கு அது சரி, இங்கே அமிலம் இடுக்குகளில் தங்கி உலோகத்தை அரிக்கும். அமோனியா கலந்த மெருகுத் திரவமும் வேண்டாம். அச்சில் அழுத்தி வடித்த பித்தளையில் அது விரிசல் உண்டாக்கக்கூடும்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. தாடைவார் மாட்டும் பக்கக் குமிழ்களைக் கறுத்த பித்தளை என்றே எண்ணியிருந்தேன். காந்தத்தை வைத்ததும் ஒட்டிக்கொண்டது. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் 1915 மாதிரியில் வந்த சாம்பல்நிற எஃகு உறுப்புகள் போன்றவை அவை. யாரோ பின்னர் மாற்றியிருக்க வேண்டும். அந்தச் சாம்பல் நிறம் ஆலையிலேயே கொடுக்கப்பட்டது என்பதால், உலர்ந்த துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். கழுகுக்கு மட்டும் நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசி, மறுநாள் பழைய ஆப்புகளையே மீண்டும் செருகினேன்.