உதவி: ‘ஸ்ப்ரூ’வுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

சென்னை, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு பள்ளியின் பொழுதுபோக்கு மன்றத்துக்காக 24 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் மாதிரி டாங்கி கட்டுவது எப்படி என்பதுதான் பொருள். எடுத்துக்கொண்ட வண்டி இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டைகர் 1, அளவு 1:35. நிஜ வண்டி குழல் நுனி வரை எட்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேசையில் 24 சென்டிமீட்டர். 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேர். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது, சனி காலை பட்டறை.

பெட்டியைத் திறந்தால் உதிரியாக எதுவும் இருக்காது. காய் காம்பில் நிற்பதுபோல உறுப்புகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெட்டி எடுத்துத்தான் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஆங்கிலேயர் ஸ்ப்ரூ என்கிறார்கள், ஜப்பானியர் ரன்னர் என்கிறார்கள். உறுப்பு அதில் சேரும் மெல்லிய கழுத்து, கேட். இரண்டும் சேர்ந்து கையேட்டில் 61 இடங்களில் வருகின்றன.

முதல் வரைவில் ‘சட்டகம்’ என்று போட்டேன். டாங்கியின் அடிப்பகுதிக்கும் அதே சொல்லைப் போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. “சட்டகத்தை வெட்டிக் குப்பையில் போடவும்” என்று 9ஆம் பக்கத்தில் ஒரு வரி நிற்கிறது. காப்பாற்றுங்கள்.

பி.கு.: பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சின் இடுக்கில் கசிந்து நிற்கும் மெல்லிய ஏட்டுக்குப் ‘பிசிறு’ என்று எழுதிவிட்டேன். அதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நம்புகிறேன்.

கோயம்புத்தூர், புதன் காலை

அம்மா, பிசிறு சரிங்க. லேத்துப் பட்டறையிலயும் அதேதான்.

வார்ப்பாலையில 31 வருசம் இருந்தவன் சொல்றேன், கேளுங்க. உருக்குன உலோகத்த மேலிருந்து ஊத்துனா நெட்டுக்குத்தலா இறங்கற குழல்தான் ஸ்ப்ரூ. அதுக்கப்புறம் படுக்கையா கிளை பிரியறது ரன்னர். ரன்னர்ல இருந்து வார்ப்புக்குள்ள நுழையற வாய் கேட். இந்தப் பெட்டில பிள்ளைங்க கையில வர்றது முழுக்க ரன்னருங்க. ஆங்கிலக்காரனே தப்பாச் சொல்றதுக்கு நாம எதுக்குத் தமிழ் தேடணும்?

தமிழ் வேணும்னா இருக்கவே இருக்கு. வாய்க்கால், மடை. தண்ணி பாயற மாதிரியே பாயுது, மடை தாண்டி வயலுக்குள்ள நிறையுது. முடிஞ்சுது வேலை.

தஞ்சாவூர், புதன் பிற்பகல்

கோவை நண்பர் ‘மடை’ என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மடைத்தலையில் உறுமீனுக்காகக் காத்திருக்கும் மூதுரைக் கொக்கு எல்லோருக்கும் தெரியும். எனக்கு நினைவு வந்தது வேறு மடை. புறநானூறு 97இல் ஔவை அதியமானின் வேலைப் பாடும்போது “மடை கலங்கி நிலை திரிந்தன” என்கிறாள். அங்கே மடை நீர் பாயும் வழியன்று. வேலின் சுரையும் காம்பும் சேரும் மூட்டு. ஆக ஒரே சொல்லில் பாய்வழியும் இருக்கிறது, மூட்டும் இருக்கிறது. கேட் என்பது செய்யும்போது பாய்வழி, வெட்டும்போது மூட்டு. இதைவிடப் பொருத்தம் நூறு ஆண்டு தேடினாலும் கிடைக்காது. (மடைப்பள்ளியின் மடை உணவைக் குறிப்பது. மடையன் முதலில் சமையற்காரன்தான், வசவு பின்னால் வந்தது. இது வேறு மடலில்.)

ஆனால் ‘வாய்க்கால்’ ஆகாது. வாய்க்கால் என்பது வெற்றிடம். குழந்தையின் கையில் இருப்பது வெற்றிடமன்று, அதில் ஓடி உறைந்த நீர். உறைந்த காவிரியைக் காவிரியின் கரை என்பீர்களா?

என் பரிந்துரை ‘ஈர்க்கு’. தென்னோலையின் நடு நரம்பு. இருபுறமும் ஓலை, நடுவே குச்சி, தோற்றம் அப்படியே. தொல்காப்பியத்தின் மரபியல் ஈர்க்கையும் குலையையும் புல்லுக்கு உரியவை என்கிறது. “புறக்காழனவே புல்லென மொழிப.” எது வெளியே வயிரம் பாய்ந்ததோ அது புல். உருகிய பிளாஸ்டிக் குளிர்ந்த அச்சில் படும்போது முதலில் இறுகுவது புறத்தோல், உள்ளே பிறகுதான். எனவே தொல்காப்பிய நெறிப்படி இது புல்வகை. ஈர்க்கு என்பதற்கு இலக்கணத் தடையே இல்லை.

பெங்களூரு, புதன் இரவு

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். புல்லா மரமா என்று நான் யோசித்ததே இல்லை, இனி ஒவ்வொரு பெட்டி திறக்கும்போதும் யோசிப்பேன் போலிருக்கிறது.

அக்கா, 11 டாங்கி கட்டியவன் என்ற உரிமையில் சில வார்த்தை. பிள்ளைகளுக்கு இந்தச் சொல் எங்கே தேவைப்படும் தெரியுமா? வெட்டுகிற அந்த நொடியில். முதல் வெட்டு உறுப்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி. உறுப்பு கையோடு வந்துவிடும், ஒரு குட்டைக் குச்சி அதில் மீந்திருக்கும். இரண்டாவது வெட்டு உறுப்பை ஒட்டினாற்போல, குறட்டின் தட்டைப் பக்கம் உறுப்பைப் பார்க்கும்படி. ஒரே வெட்டில் முடிக்கலாமே என்று ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் விண்டுகொண்டு உறுப்பில் பள்ளம் விழும், இல்லையென்றால் அந்த இடம் வெளுத்துப்போகும். அப்புறம் 400 உப்புத்தாள், அதன்பின் 800. நகவெட்டியும் நன்றாகவே வேலை செய்யும். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம்.

டைகருக்குச் சக்கரச் சங்கிலியில் ஒரு பக்கம் 96 கண்ணி. நான் கட்டிய பெட்டியில் கண்ணிக்கு நாலு மடை. (பார்த்தீர்களா, ‘மடை’ எனக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.) 192 கண்ணிக்கு 768 மடை, மடைக்கு இரண்டு வெட்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசிக் கண்ணி தரையில் விழுந்து, பெருக்கும்போது போய்விட்டது. அந்தப் பக்கத்தைப் புல் ஒட்டி மறைத்திருக்கிறேன்.

சட்டத்துக்கு என் ஓட்டு ‘கொடி’. வளைகிறது, கிளைக்கிறது, காய்த்திருக்கிறது.

இன்னொன்று. ஒட்டுவதற்கு ‘சிமெண்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். போன வருஷம் ஒரு பையன் வீட்டில் நிஜமாகவே கால் கிலோ பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். ‘பசை’யும் சரியில்லை. பசை நடுவில் நின்று இரண்டையும் பிடிக்கும்; இது பாலிஸ்டைரீனையே இளக்கி ஒன்றாக்கிவிடும். பிவிசி குழாய் ஒட்டும் பிளம்பர் ‘சொல்யூஷன்’ என்பாரே, அதே வேலை. ஆனால் அந்த டப்பாவை இதற்கு எடுக்கக் கூடாது.

மதுரை, வியாழன் காலை

மூன்று நாளாகப் பார்க்கிறேன். ‘டாங்கி’ என்ற சொல்லை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. டகரம் மொழிக்கு முதலில் வராது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பள்ளிப் பிள்ளைக்குத்தான் இதைக் கொடுக்கப் போகிறீர்கள். ‘தாங்கி’ என்று எழுதுங்கள். நீரைத் தாங்குவது தாங்கி, அதுவே மேலைநாடு போய் டேங்க் ஆயிற்று. நம் பிள்ளை ஊர் திரும்பும்போது வாசலில் நிறுத்திப் பெயர் கேட்கிறீர்கள்.

அப்படியே பிளாஸ்டிக்கை நெகிழி ஆக்குங்கள். சொல்யூஷன், பிளம்பர், இதையெல்லாம் படிக்கவே கூசுகிறது.

கோயம்புத்தூர், வியாழன் காலை

நெகிழின்னா நெகிழணுமுங்க. இது லேசா வளைச்சா ‘டிக்’குனு உடையும்.

தஞ்சாவூர், வியாழன் காலை

சங்க இலக்கியத்தில் ஞெகிழி கொள்ளிக்கட்டை. குறிப்புக்காக மட்டும்.

டொராண்டோ, வியாழன்

மதுரை ஐயாவுக்கு ஒரு தகவல். எங்கட ஊரிலை ‘தாங்கி’ புதுச்சொல் இல்லை. வீட்டுக் கூரையிலை இருக்கிறது தண்ணித்தாங்கி, பேப்பரிலை வாறது யுத்தத்தாங்கி. ரெண்டையும் ஆரும் குழப்பினதில்லை. நான் அந்தச் சொல்லைப் படிச்சுத் தெரிஞ்சுகொள்ளேல்லை. அளவு 1:1.

சரி, விஷயத்துக்கு வாறன். பெங்களூர்த் தம்பி சொன்ன ‘கொடி’ எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா செடிகொடி எண்டு நினைச்சு இல்லை. தொப்புள்கொடி. அதுக்குள்ளாலைதான் உறுப்புக்குச் சாப்பாடு போகுது, பிறந்த உடனை வெட்டுறம், வெட்டின இடத்திலை ஒரு தழும்பு மிஞ்சுது. அந்தத் தழும்பைத் ‘தொப்புள்’ எண்டே எழுதலாமே தங்கச்சி? “தொப்புளை உப்புத்தாளால் தேய்க்கவும்” எண்டால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

சென்னை, வியாழன் இரவு

டொராண்டோ அண்ணாவுக்கு நன்றி. ஆனால் 13 வயதுப் பிள்ளைகள் 18 பேர் கூடியிருக்கும் அறையில் அந்த வாக்கியத்தை என்னால் படிக்க முடியாது.

மதுரை ஐயா, தாங்கியைப் பற்றி. ஆங்கில அகராதிகள் டேங்க் என்பதை ஒரு பக்கம் குஜராத்தி வழியாகவும் மறுபக்கம் போர்ச்சுகீசிய ‘தாங்க்கே’ வழியாகவும் காட்டுகின்றன. நம் ‘தாங்கு’ அதற்குள் எங்கே நுழைந்தது என்று காட்டினால் மகிழ்வேன். போர்வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு பொய்யால். 1915 கடைசியில் இங்கிலாந்தில் இதைக் கட்டும்போது, ரகசியம் வெளியே போகாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று சொம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கியபோதும் பெயர் மாறவில்லை. அவர்களே வேண்டுமென்று பொருத்தமில்லாமல் வைத்த பெயருக்கு நாம் காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம். நன்னூல் நடையில் சொன்னால் இடுகுறி. மயிலாப்பூர் டேங்க் நிறுத்தத்தில் இறங்குகிற யாரும் பீரங்கியைத் தேடுவதில்லை. நான் ‘டாங்கி’ என்றே விடுகிறேன்.

(சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொல்லுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதும் அதே 1916தான். சண்டையும் அன்றைக்கே தொடங்கியிருக்கும்.)

இனி ஸ்ப்ரூ மட்டும். நாளை மதியம் 12 மணி வரை.

தஞ்சாவூர், வெள்ளி அதிகாலை 4:40

தூக்கம் வரவில்லை. 1:35 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பெங்களூர்த் தம்பியிடம் தனி மடலில் கேட்டேன். 1960களின் தொடக்கத்தில் ஷிசுவோக்காவின் தாமியா நிறுவனம் பாந்தர் டாங்கி செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் கொள்ளும்படி உடலை அமைத்தார்களாம்; பிறகு கணக்குப் பார்த்தால் முப்பத்தைந்தில் ஒன்று வந்ததாம். உலகமே அதைப் பின்பற்றுகிறது. நம்மிடம் அதற்குப் பெயரில்லை. ஆனால் 1:16 அளவில் செய்யும் பெரிய டாங்கிகளுக்கு இருக்கிறது: வீசம். ‘வீச டாங்கி’ என்று எழுதலாம்.

அதோடு கையேட்டின் கடைசி இயலில் துருவும் சேறும் பூசிப் பழசாக்குவது பற்றி வருகிறதாமே. அது புறநானூறு 95. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவலுடைய மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. பெட்டியிலிருந்து வந்த பளபளப்போடு டாங்கியை அலமாரியில் வைப்பவன் தொண்டைமான். அந்த இயலுக்குக் ‘கொல்துறை’ என்று தலைப்பு வைக்கலாமா?

ஈர்க்குக்கு என் வாக்கு மாறவில்லை.

பெங்களூரு, வெள்ளி காலை

ஐயா, ‘கொல்துறை’ என்றால் பிள்ளைகள் கொலைத்துறை என்று படிப்பார்கள். டாங்கி வேறு.

சென்னை, வெள்ளி மதியம் 1:15

அனைவருக்கும் நன்றி. ‘மடை’க்கு ஆறு பேர், எதிர்ப்பு இல்லை. மதுரை ஐயா கூட வாய் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சட்டத்துக்குக் கொடி 4, ரன்னர் 2, ஈர்க்கு 1, வாய்க்கால் 1. கோவை ஐயா இரண்டுக்கு வாக்களித்திருக்கிறார், கேட்டால் “ரெண்டும் ஒண்ணுதானுங்க” என்கிறார். ‘கொடி’ என்று எல்லா இடத்திலும் மாற்றி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் “பெட்டியில் ரன்னர் என்று இருக்கும்” என்று ஒரு வரி சேர்த்தேன். ஒட்டுவதற்கு ‘இளக்கி’ என்று போட்டிருக்கிறேன். இதைப் பற்றி மட்டும் தயவுசெய்து யாரும் மடல் போடாதீர்கள். உறுப்பு எண்ணில் ஏ, பி, சி அப்படியே இருக்கிறது, பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் எழுத்தை நான் அகரம் ஆக்க முடியாது.

இரண்டு மணிக்கு அச்சகத்துக்குப் போகிறது.

மதுரை, வெள்ளி மாலை 5:50

என் மௌனம் சம்மதம் அன்று, பேருந்தில் இருந்தேன். பதிவுக்காக: தாங்கி, நெகிழி, ஈர்க்கு. கொடிக்கு என் முழு மறுப்பு. முல்லைக்கொடியா, தொப்புள்கொடியா என்று உங்களுக்குள்ளேயே தெளிவில்லை. மூன்றாவதாக ஒரு கொடியும் உண்டு. நீங்கள் அனுப்பிய மெய்ப்பில் 9ஆம் பக்கம், போர் டாங்கி பற்றிய நூலில், “கொடியை வெட்டிக் குப்பையில் போடவும்” என்று இருக்கிறது. பார்த்தீர்களா?

சென்னை, வெள்ளி மாலை 6:05

இப்போதுதான் பார்த்தேன் ஐயா. அச்சாகிவிட்டது.