மறு: ‘எம்பாடிட் கார்பன்’ – அடக்கக் கார்பன் எனலாமா?

அன்புடையீர்,

கட்டடப் பொருள்களை ஆக்குவது, கட்டுவது, பழுதுபார்ப்பது, இடிப்பது ஆகியவற்றால் காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடு முதலியவற்றின் மொத்தக் கணக்கே ‘எம்பாடிட் கார்பன்’ (embodied carbon). அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதியதற்கு என் மறுமொழி:

> ‘உட்பொதி கார்பன்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

அந்த நெருக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. உட்பொதி என்றதும் கார்பன் சுவருக்குள் இருப்பதாகத் தோன்றும். சிமென்ட்டையே பாருங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால், 100 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டில் 56 கிலோதான் சுட்ட சுண்ணாம்பாக நிற்கும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சூளையைச் சுமார் 1,450 பாகை செல்சியஸுக்குச் சூடேற்ற எரிக்கும் நிலக்கரியின் புகை தனி. மூட்டை தளத்துக்கு வந்து இறங்குமுன்பே எல்லாம் காற்றில் கலந்தாயிற்று. உண்மையிலேயே கார்பன் பொதிந்திருப்பது மரத்தில்தான். அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

என் பரிந்துரை ‘அடக்கக் கார்பன்’. வணிகத்தில் அடக்க விலை என்கிறோமே: கொள்முதல், வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்ந்து கைக்கு வந்து சேரும் விலை. இங்கும் அதே கணக்குத்தான். கல் உடைப்பது, இரும்பு உருக்குவது, லாரியின் டீசல், தளத்தில் ஓடும் கிரேன் என்று வழங்கல் தொடர் முழுவதும் இதில் அடங்கும். கட்டி முடித்தபின் விளக்கும் ஏசியும் இழுப்பது ‘இயக்கக் கார்பன்’. அது வேறு பேரேடு.

(கார்பனுக்குக் ‘கரிமம்’ என்ற சொல் வேண்டாமே. கரிம வேதியியலோடு குழம்பும்.)

> அடக்கம் என்றால் புதைப்பதும் ஆயிற்றே? கார்பனைப் பிடித்து நிலத்தடியில் வைக்கும் நுட்பம் என்று நினைத்துவிட மாட்டார்களா? தவிர, இடிப்புச் செலவு எந்த அடக்க விலையில் வருகிறது?

முதல் ஐயம் பெரிதல்ல. அந்த நுட்பத்துக்கு ‘கார்பன் சேமிப்பு’ இருக்கிறது. ‘அடக்க விலை’ என்று கேட்டு யாரும் சுடுகாட்டை நினைப்பதில்லை.

இரண்டாவது கேள்வி சரியான இடத்தில் பிடிக்கிறது. கட்டடங்களின் சுற்றுச்சூழல் தாக்கத்தைக் கணக்கிடுவதற்கான ஐரோப்பியத் தர ஆவணமான ஈஎன் 15978 பொருள் உற்பத்தி, கட்டுமானம், பயன்பாடு, ஆயுள் முடிவு என்று கட்டடத்தின் முழு வாழ்நாளையும் பிரிக்கிறது. பழுதுபார்ப்பும் இடிப்பும் எம்பாடிட் கணக்கில் உண்டு. ஆகவே கட்டி முடிக்கும்வரை உள்ள பங்கை மட்டும் ‘ஆக்கக் கார்பன்’ எனப் பிரித்துவிட்டு, இடிப்பு வரையிலான முழுத்தொகைக்கு அடக்கக் கார்பன் என வைக்கலாம். பொருள் சற்று இழுபடும்தான். இழுபடாத கலைச்சொல் எது?

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள் (கிளிங்கர் என்பது சூளையில் சுட்டெடுத்து, சிமென்ட்டாக அரைக்கும் கட்டி; உலைக்கசடு இரும்பு உலையின் கழிவு): ‘கிளிங்கரைக் குறைத்து உலைக்கசடு கலந்ததால் தூணின் அடக்கக் கார்பன் குறைந்தது.’ ‘உட்பொதி கார்பன் குறைந்தது’ என்றால் தூணிலிருந்து ஏதோ கசிந்த மாதிரி இருக்கிறது.