பயத்தோடு விசுவாசிக்கிறவர்கள் பேச வரும்போது: ஊழியத்தில் இருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ஆயர், திருநெல்வேலி

ஸ்தோத்திரம். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, யாராவது ஒருவர் மட்டும் தூணோரம் ஒதுங்கி நிற்பார். கூட்டம் கலைந்த பிறகு வந்து, "ஐயரே, எனக்கு மன்னிப்பு கிடையாது போல இருக்கு" என்பார். அப்படி வருகிறவர்களுக்கு எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று அவரவர் கண்டதை எழுதுங்கள். இது பிறர் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதனால் யாருடைய பெயரும் ஊரும் வேண்டாம்.

அதிகம் வருவது மாற்கு 3:29. பரிசுத்த ஆவிக்கு விரோதமாய்த் தூஷணம் சொல்கிறவனுக்கு என்றென்றைக்கும் மன்னிப்பு இல்லை என்கிற வசனம். ஜெபத்தின் நடுவில் ஆவியானவரைப் பற்றி ஒரு அசிங்கமான வார்த்தை மனதில் ஓடுகிறது. தடுக்கத் தடுக்க அதுவே மறுபடி மறுபடி வருகிறது. "நினைச்சுட்டேன், அவ்வளவுதான், என் கதை முடிஞ்சது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இங்கே முதல் தவறு, உடனே வசனம் சொல்லித் தேற்றப் பாய்வது. அரைமணி நேரம் கேளுங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரியுங்கள். அப்புறம் வேதாகமத்தை அவர் கையிலேயே கொடுத்து, 22-ம் வசனத்திலிருந்து 30 வரை சத்தமாய் வாசிக்கச் சொல்லுங்கள். 30-ம் வசனத்தைப் பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான்" என்று அவர்கள் சொன்னபடியால்தான் இயேசு அப்படிச் சொன்னார் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அவர்கள் யார்? எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர். மனிதர்கள் விடுதலையாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று தீர்ப்பு எழுதியவர்கள். அவர்களிடம் பயமும் இல்லை, கண்ணீரும் இல்லை. தூணோரம் நடுங்கி நிற்பவருக்கும் அவர்களுக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஆண்டவர் தன்னை விட்டுப் போய்விடுவாரோ என்றல்லவா இவர் தவிக்கிறார்.

இதைக் காட்டியதும் முகம் தெளியும். ஆனால் சிலர் மூன்றாம் நாளே திரும்ப வருவார்கள், அதே கேள்வியோடு. அங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

மனநல ஆலோசகர், மதுரை

ஐயா நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். திரும்பத் திரும்ப அதே கேள்வி வந்தால், அது வேதவிளக்கம் போதாததால் வருவதல்ல. எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) மதத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருக்க வாய்ப்பு உண்டு. கைகழுவிக்கொண்டே இருப்பவருக்கும், ஒரே பாவத்தை அறிக்கையிட்டுக்கொண்டே இருப்பவருக்கும் உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றுதான். பயம் வருகிறது. உறுதி தேடுகிறார்கள். கொஞ்ச நேரம் ஆறுதல். அந்த ஆறுதலே மூளைக்கு "இது நிஜமான ஆபத்துதான்" என்று கற்றுக்கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

சபைக்கு இது புதிதல்ல. லத்தீனில் இதற்கு வைத்த பெயரான 'ஸ்க்ரூபுலுஸ்' என்பதன் பொருளே 'சின்னக் கூர்ங்கல்'. செருப்புக்குள் சிக்கி, ஒவ்வொரு அடியிலும் குத்தும் கல். பிற்பாடு இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி அறிக்கையிட்ட பிறகும் "ஒன்றை விட்டுவிட்டேனோ" என்று வதைபட்டார், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தபோதுதான் விடுபட்டார். அவருக்கு உதவியது இன்னொரு பாவசங்கீர்த்தனம் அல்ல, அதை நிறுத்தியது என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறையில் ஆயரும் குடும்பமும் செய்யக்கூடியது இது. கேள்விக்கு ஒரே ஒரு முறை முழுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலை அவர் கையெழுத்திலேயே தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை அதே கேள்வி வந்தால் புதிதாக வாதாட வேண்டாம். "இதுக்குப் பதில் உங்க கையிலேயே இருக்கு. இப்ப பயமா இருக்குன்னு தெரியுது, பயத்தோடயே உட்காருவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்க இரக்கமில்லாதது போலத் தோன்றும். தினமும் பத்து தடவை உறுதி கொடுப்பதுதான் உண்மையில் அவரைக் கட்டிப்போடுகிறது. கெட்ட எண்ணம் குறுக்கே வந்தது என்பதற்காக ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கவும் விடக்கூடாது. குலைந்த ஜெபம் குலைந்தபடியே போகட்டும், ஆமென் சொல்லி எழுந்திருக்கட்டும். அப்படி எழுந்திருப்பதும் விசுவாசம்தான். தன் ஜெபத்தின் சுத்தத்தை நம்பாமல், கேட்கிறவரின் தயவை நம்புவது.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது, வேலையும் படிப்பும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். பயத்தைப் படிப்படியாகச் சந்தித்து, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை இதற்கென்றே இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். மூன்றாவது வாரத்தில் "மாத்திரை வேண்டாம், விசுவாசம் போதும்" என்று யாராவது சொல்லி நிறுத்த வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய சேதம். பிரசவமான பெண்களுக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் திடீரென்று வரலாம், அதைப் பிசாசின் கிரியை என்று சொல்லி மிரட்ட வேண்டாம். சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கான தொலைபேசி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.

வேதபாட ஆசிரியர், நாகர்கோவில்

திருவிருந்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் பக்கத்தில் பயம் அதிகம் வெளிப்படும் இடம் அதுதான். வருடக்கணக்கில் பந்திக்குப் போகாமல், பாட்டு ஆரம்பித்ததும் நைசாக வெளியே போய்விடுகிற நல்ல விசுவாசிகள் இருக்கிறார்கள். கேட்டால் 1 கொரிந்தியர் 11:27-ஐச் சொல்வார்கள்: "அபாத்திரமாய்"ப் புசிக்கிறவன் குற்றமுள்ளவன். "நான் பாத்திரவான் இல்லையே, எப்படிப் போறது?"

இந்த ஒரு சொல்லைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் இங்கே இருப்பது வினையைத் தழுவும் சொல். 'எப்படிப்பட்ட ஆள்' என்று கேட்காமல், 'எப்படிச் சாப்பிடுகிறான்' என்று கேட்கிறது. தமிழிலும் "அபாத்திரன்" என்று போடவில்லை, "அபாத்திரமாய்" என்றுதான் சரியாகப் போட்டிருக்கிறார்கள். நாம்தான் அந்த 'ஆய்' விகுதியை விழுங்கிவிட்டு வாசிக்கிறோம்.

அப்படியானால் கொரிந்துவில் எப்படிச் சாப்பிட்டார்கள்? 21, 22-ம் வசனங்களில் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறித்திருந்தான். இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். பவுல் கடைசியில் சொல்லும் பரிகாரம் என்ன? 33-ம் வசனம்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

நம் நாட்டில் இதற்கு நேரான உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்து திருவிருந்து எடுத்த காலம் உண்டு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சாதி வேற்றுமையைச் சபைக்குள்ளிருந்து அகற்றச் சொல்லிக் கடிதம் எழுதியபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது! அபாத்திரமாய்ப் புசிப்பது என்றால் அது. அப்படிப் புசித்தவர்களுக்கு ஒரு நடுக்கமும் இருக்கவில்லை. இன்றைக்கு ஒரு கோபத்துக்காகவும் ஒரு கெட்ட நினைப்புக்காகவும் நடுங்கி வெளியே போகிற அந்த அம்மாவுக்கு அந்த வசனம் எழுதப்படவே இல்லை.

28-ம் வசனத்தையும் முடிவு வரை வாசிக்க வையுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து, பிறகு? "புசித்து... பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து வீட்டுக்குப் போகக்கடவன் என்று இல்லை.

செய்முறையாக ஒன்று: நீண்ட நாள் விலகியிருந்தவரை முதல் வாரமே எல்லார் முன்பாகவும் அழைக்காதீர்கள். முந்தின நாள் வீட்டுக்குப் போய் இந்தப் பகுதியைச் சேர்ந்து வாசியுங்கள். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதைச் சரிசெய்ய எடுக்கக்கூடிய ஒரே ஒரு அடியைக் கேளுங்கள். மறுநாள் பந்தியில் அவர் பக்கத்தில் யாராவது முழங்கால் படியிடட்டும். தனியாகப் போக வேண்டியிருந்தால் கால் வராது.

ஞாயிறு பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

பெரியவர்களிடம் நீங்கள் பார்க்கும் பயத்தில் பாதி நாங்கள் விதைத்தது. மனம் வலித்தாலும் சொல்லியாக வேண்டும். ஊரில் "சாமி கண்ணைக் குத்தும்" என்பதை நம் வீடுகளில் "இயேசப்பா அடிப்பாரு" என்று மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். இரண்டாம் வருகையைச் சொல்லும்போது "அம்மா அப்பாவெல்லாம் போயிடுவாங்க, நீ மட்டும் நிப்ப" என்று முடிக்கிறோம். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் யாரும் இல்லையென்றால் அந்தப் பிள்ளை தெருவில் ஓடி ஓடி ஆள் தேடும். கூட்டத்தில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கை தூக்கச் சொல்லும் ஒவ்வொரு வருடமும் அதே பிள்ளை மறுபடி கை தூக்கும். நாம் அதைக் கணக்கில் சேர்த்து அறிக்கை எழுதுகிறோம். கை தூக்கும் பிள்ளையிடம் "போன வருஷமும் தூக்கினியே கண்ணு, என்ன பயம்?" என்று தனியே கேட்பவர்கள் குறைவு.

பத்து வயதுக்குக் கீழே நரகத்தின் படங்கள் வேண்டாம். லூக்கா 15-ஐ மூன்று கதையாக மூன்று வாரம் எடுங்கள். இளைய மகன் கதையை நடிக்க வைக்கும்போது, 18, 19-ம் வசனங்களில் அவன் ஒத்திகை பார்க்கும் பேச்சை ஒரு பிள்ளைக்கு மனப்பாடம் செய்யக் கொடுங்கள். கடைசி வரி: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." பிறகு 21-ஐத் திறந்து, அவன் உண்மையில் எதுவரைக்கும் சொன்னான் என்று தேடச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வரி அங்கே இருக்காது. அப்பா அதற்குள் வஸ்திரம், மோதிரம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார். பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடித்ததும் "மிஸ், அவன் முடிக்கவே இல்ல!" என்று கத்துவார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, பாட்டுக்குப் போய்விடலாம்.

மூப்பர், கோயம்புத்தூர்

எல்லாம் சரிதான். ஆனால் பயமே வேண்டாம் என்று ஆகிவிட்டால் பரிசுத்தம் என்னாகும்? "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்றல்லவா இருக்கிறது?

ஆயர், திருநெல்வேலி

மூப்பர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கிருபையைப் பிரசங்கித்தால் பாதிச் சபை நம்மைச் சந்தேகிக்கும். யாத்திராகமம் 20:20-ல் மோசே ஒரே மூச்சில் "பயப்படாதிருங்கள்" என்றும், பாவம் செய்யாதபடிக்கு தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பயம் இரண்டு வகை. ஒன்று ஓட வைக்கும், ஒன்று கிட்டே நிற்க வைக்கும். சங்கீதம் 130:4 இன்னும் தெளிவு: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, அதனால் பயப்படுகிறோம் என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை. மன்னிப்பு முதலில், பயபக்தி பிறகு. 1 யோவான் 4:18-ல் "பயமானது வேதனையுள்ளது" என்ற இடத்தில் மூலச்சொல்லுக்குத் தண்டனை என்றே பொருள். அன்பு புறம்பே தள்ளுவது அந்தத் தண்டனைப் பயத்தைத்தான்.

பயமுறுத்தி வாங்கிய கீழ்ப்படிதல் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே. தசமபாகம் கொடுக்காததால்தான் விபத்து நடந்தது என்று சொல்லப்பட்டவர் ஆறு மாதம் ஒழுங்காகக் கொடுப்பார். அடுத்த விபத்து நடந்தால் சபையை விட்டே போய்விடுவார்.

மருத்துவமனை ஊழியர், வேலூர்

"புறம்பே தள்ளும்" என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். யோவான் 6:37-லும் அதே சொல்தான்: "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் அதே வேர்ச்சொல். அன்பு பயத்தைத் தள்ளுகிறது, வந்தவனைத் தள்ளுவதில்லை. நம் தமிழ் வேதாகமம் அதைக் கைவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் பதினேழாம் நூற்றாண்டில் பிரசங்கியாராயிருந்த ஜான் பனியன், கிறிஸ்துவை விற்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் சிக்கி, சேஷ்டபுத்திரபாகத்தை விற்றுப்போட்ட ஏசாவைப் பற்றிய வசனம் (எபிரெயர் 12:16, 17) தன்மேல்தான் விழுந்தது என்று நெடுங்காலம் தவித்தவர். அவரைத் தூக்கி நிறுத்திய வசனங்களில் இதுவும் ஒன்று. பிற்பாடு இந்த ஒரு வசனத்தை வைத்தே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவருடைய மோட்சப் பிரயாணத்தைத் தழுவித்தான் கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார்.

சாகும் தறுவாயில் இருப்பவரிடம் "இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். வாழ்நாள் முழுக்கப் பயந்தவருக்கு அது கடைசிப் பரீட்சையாகிவிடும். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போடுங்கள். ஆக்ஸிஜன் குழாயும் ஊசியும் இல்லாத கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஜெபம் வேண்டாம், மூச்சுக்குத் திணறுகிறவரால் அதைப் பின்தொடர முடியாது. இந்த ஒரு வசனத்தை மட்டும் அவர் மூச்சு விடும் வேகத்துக்குத் தக்கபடி, இரண்டு துண்டாகச் சொல்லுங்கள். "என்னிடத்தில் வருகிறவனை..." நிறுத்துங்கள். ஒரு மூச்சு போய் வரட்டும். "நான் புறம்பே தள்ளுவதில்லை." வீட்டாரும் சேர்ந்து சொல்லலாம். அவர் வாய் அசையவில்லை என்பதற்காக நிறுத்த வேண்டாம்.