வட்டித் தொழிலை விட்ட மாமா கோபுரத்துக்குக் காணிக்கை கொடுக்கிறார், மனந்திரும்புதல் அதோடு முடிந்ததா?

உப்பளத்தான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. என் தாய்மாமா ரொம்ப காலம் வட்டிக்குக் கொடுத்து வாங்கினவர். வங்கி வட்டி இல்லை, மாதம் நூற்றுக்கு ஐந்து, ஆஸ்பத்திரி அவசரம் என்று வந்தவனிடம் பத்து, முதல் மாத வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுப்பார். இந்த லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தவர் ஆளே மாறிவிட்டார். நடிப்பு இல்லை, பக்கத்திலேயே இருந்து பார்க்கிறவன் சொல்கிறேன். புதுக்கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார், காலையில் வேதம் வாசிக்கிறார், அத்தையிடம் குரலை உயர்த்துவதில்லை.

இப்போது கோவில் கோபுர வேலைக்குப் பெரிய தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார், அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, அரிசி முழுவதும் அவர் பொறுப்பு. ஐயருக்கும் (எங்கள் போதகர்) சபைக் கமிட்டிக்கும் சந்தோஷம். எனக்குத்தான் உறுத்துகிறது. அவரிடம் வட்டி கட்டி நொந்தவர்கள் அதே சபையில்தான் இருக்கிறார்கள், ஒரு குடும்பம் வீட்டை விற்று அடைத்துவிட்டு இப்போது வாடகைக்கு இருக்கிறது. அவர்கள் பணத்தில் வாங்கிய அரிசியை அவர்களே அசனத்தில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா?

இதைச் சொன்னேன். அவர் லூக்கா 3-ஐக் காட்டுகிறார். யோவான்ஸ்நானன் ஆயக்காரரிடம் (வரி வசூலிப்பவர்களிடம்) ‘கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதே’ என்றுதான் சொன்னார், ஏற்கனவே வாங்கினதைத் திருப்பிக்கொடு என்று சொல்லவில்லையே, நானும் இனிமேல் வாங்குவதில்லையே என்கிறார். படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. என்ன பதில் சொல்வது? இன்னொன்று, இத்தனை வருஷம் கொடுத்தே பழகாத மனுஷர் அன்றாட வாழ்க்கையில் பகிர்ந்துகொள்ள எங்கிருந்து ஆரம்பிப்பது?

கருப்பட்டிக்காபி:

உங்கள் மாமா லூக்காவில் மூன்றாம் அதிகாரத்தோடு நின்றுவிட்டார், பத்தொன்பதுக்கு வரச் சொல்லுங்கள். எரிகோவின் சகேயு அவரைப் போலவே பணக்காரன், ஊரே முறைத்துப் பார்த்த ஆயக்காரத் தலைவன். இயேசு அவனிடம் ‘திருப்பிக் கொடு’ என்று ஒரு வார்த்தை சொன்னதாக அங்கே எழுதியில்லை, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றுதான் சொன்னார். அவனாகவே எழுந்து நின்று இரண்டு காரியம் சொல்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது எதுவோ அது நாலத்தனையாய் (நாலு மடங்காய்) உரியவனுக்கு. இந்த இரண்டும் தனித்தனிக் கணக்கு, கவனியுங்கள். ஏழைக்குக் கொடுத்தேனே என்று சொல்லி ஏமாற்றப்பட்டவனின் பாக்கியை அவன் அதில் கழிக்கவில்லை. மாமா இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி, அதையும் கோபுரத்தின் பேரில் வரவு வைக்கிறார்.

நாலத்தனை என்பதே தன்மேல் தானே போட்டுக்கொண்ட கடுமையான தண்டனை. தானாக அறிக்கையிட்டு வருகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமம் 5 சொல்கிறது. நாலு மடங்கு யாருக்கு என்றால், யாத்திராகமம் 22-ல் ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கும் விற்றவனுக்கும். சகேயு திருடனுக்குரிய கணக்கில் தன்னை நிறுத்திக்கொண்டான்.

அதே எண்ணாகமம் 5-ல் இன்னொரு வசனம் இருக்கிறது, உங்கள் கமிட்டிக்குப் பிடிக்காது. திருப்பிக் கொடுக்க வேண்டியவன் இல்லாமல் போய், வாங்கிக்கொள்ள அவனுக்கு உறவினனும் இல்லை என்றால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். கோவில் வரிசையில் கடைசி. இங்கே வாங்கிக்கொள்ள ஆட்கள் உயிரோடு அதே கோவிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வட்டியைப் பற்றியே வேண்டுமென்றால் நெகேமியா 5. பஞ்ச காலத்தில் சொந்த சகோதரரிடமே வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு பிடித்தார்கள், பிள்ளைகள் அடிமையாகும் நிலை. யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியா அவர்களை உபவாசம் இருக்கச் சொல்லவில்லை, தேவாலயத்துக்குக் காணிக்கையும் கேட்கவில்லை, வயலையும் வீட்டையும் வாங்கின வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். அங்கே சொல்லியிருக்கிற வட்டி நூற்றுக்கு ஒன்று, அது மாதத்துக்கு என்றுதான் பலரும் பொருள் கொள்கிறார்கள். அதாவது நம்மூர் ஒரு ரூபாய் வட்டி! அதற்கே அந்தக் கோபம்.

கிருபையின்பிள்ளை:

பிரதர், எச்சரிக்கையாகப் பேசுவோம். இரட்சிப்பு கிருபையினால், கிரியைகளினால் அல்ல, எபேசியர் 2 தெளிவாகச் சொல்கிறது. சிலுவையில் தொங்கின கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? அன்றைக்கே பரதீசு கிடைத்ததே. புதிதாக இரட்சிக்கப்பட்ட ஒரு ஆத்துமாவின் தலையில் பழைய ஏற்பாட்டுக் கணக்கையெல்லாம் ஏற்றினால் அவர் பயந்து பின்வாங்கிப் போக வாய்ப்பு உண்டு. ஜெபியுங்கள், ஆவியானவர் உணர்த்துவார்.

பனிமயம்:

நான் கத்தோலிக்கப் பொண்ணு, உங்கள் சண்டைக்குள் வரவேண்டாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அந்தக் கள்ளன் கதையை எல்லாரும் இப்படிச் சொல்வதால் எழுதுகிறேன். அவனுடைய கைகள் சிலுவையில் இருந்தன, திருப்பிக் கொடுக்க அவனுக்கு நேரமும் இல்லை வழியும் இல்லை. இந்த மாமாவின் கையில் பீரோச் சாவி இருக்கிறது.

எங்களில் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) திருட்டையோ அநியாய வரும்படியையோ சொன்னால், பாவமன்னிப்போடு சேர்த்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையும் இருக்கிறது என்பதுதான் திருச்சபைப் போதனை. தவக்காலத்தில் செபம், நோன்பு, தர்மம் மூன்றும் ஒன்றாகவே போகும், ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு மிச்சம் பிடித்த காசு பசித்தவனுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் அது டயட். சீராக் ஆகமத்தில் தண்ணீர் நெருப்பை அணைப்பதுபோல் தர்மம் பாவத்தைப் போக்கும் என்று இருக்கிறது, அது உங்கள் வேதாகமத்தில் கிடையாது என்பது தெரியும், சரி விடுங்கள். தானியேல் 4 உங்களிடமும் இருக்கிறதே. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் தானியேல் சொன்ன ஆலோசனை என்ன? நீதி செய்து, ஏழைகளுக்கு இரங்கி, பாவத்தை விட்டு விலகு என்பதுதானே. நான்காம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் என்ற பிரசங்கியார் மனந்திரும்புதலுக்கு ஐந்து வழிகள் என்று பிரசங்கம் பண்ணினார், அதில் ஒன்று தர்மம், இன்னொன்று நமக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பது. மாமாவிடம் நொந்தவர்களுக்கு அந்த இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தீர்களா? அவர்கள் மன்னிப்பதற்கு இவர்தானே முதலில் ஒரு வழி வைக்க வேண்டும்.

கருப்பட்டிக்காபி:

கிருபையின்பிள்ளை தம்பிக்கு ஒன்று. கிருபை கிருபை என்று முதலில் உரக்கச் சொன்ன லூத்தர் 1517-ல் விட்டன்பர்க்கில் எழுதிய 95 வாக்கியங்களின் முதல் வாக்கியமே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பது. 43-வது, பாவமன்னிப்புச் சீட்டு (பாவத்துக்கான தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லிச் சபை விற்ற சீட்டு) வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதும் தேவையுள்ளவனுக்குக் கடன் கொடுப்பதும் மேலானது என்கிறது. அந்தச் சீட்டுப் பணம் எதற்குப் போனது? ரோமில் பேதுரு பேராலயம் கட்டுவதற்கு. 50-வது வாக்கியத்தில் லூத்தர் போட்ட போடு, தன் மந்தையின் ஆடுகளான விசுவாசிகளின் தோலாலும் சதையாலும் எலும்பாலும் அந்த ஆலயத்தைக் கட்டுவதைவிட அது எரிந்து சாம்பலாவதே மேல் என்று போப் நினைப்பார் என்பது. உங்கள் ஊர்க் கோபுரத்துக்கும் இது பொருந்தும். பனிமயம், கோபித்துக்கொள்ளாதே தாயி.

வடக்குத்தெரு:

நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் வட்டி கட்டின வீட்டில் வளர்ந்தவள், அதனால் வாங்கின பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு அவர் மனந்திரும்பினாரா இல்லையா என்பது இரண்டாவது. முதலில் அந்தப் புரோநோட்டு (கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு) வேண்டும். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கின முத்திரைத்தாள், தேதி போடாத செக், இதெல்லாம் அவர் பீரோவில் இருக்கிறவரை அவர் எவ்வளவு வேதம் வாசித்தாலும் எங்கள் அம்மா மாதிரி ஒருத்திக்குத் தூக்கம் வராது. வாசலில் பைக் நின்றால் இப்போதும் அம்மா யார் என்று எட்டிப் பார்ப்பதில்லை, அடுக்களைக்குள் போய்விடுவார், அப்பா கடனை அடைத்து எவ்வளவோ காலம் ஆகியும்கூட. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் புகார் கொடுக்கப் போகிறவன் அடுத்த நாள் அதே தெருவில்தானே நடக்க வேண்டும்.

அவர் வந்தால் தனியாக வரட்டும். ஐயரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம், போட்டோ எடுக்க ஆள் வேண்டாம், அரிசிப் பையும் வேண்டாம். உன்னிடம் இவ்வளவு வாங்கினேன், முதலுக்கு மேல் இவ்வளவு கூடுதலாக வந்திருக்கிறது, இந்தா என்று சொல்லிவிட்டுப் போகட்டும். உடனே மன்னித்தேன் என்று எங்கள் வாயிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. வாங்கின காசைக் கொடுப்பது தாராளம் இல்லை, அது பாக்கி. தாராளம் அதற்கப்புறம்.

தேரிக்காட்டுப்பிள்ளை:

மேலே அக்கா சொன்னதுக்கு மேல் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மத்தேயு 5-லும் அதுதானே, காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து. ஐயர் இந்த வசனத்தைப் பிரசங்கம் பண்ணியிருப்பார், கோபுரம் பாதியில் நிற்கும்போது பண்ணுவாரா என்பது வேறு விஷயம்.

உப்பளத்தான் கேட்ட இரண்டாவது கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். பெரிய தொகை கொடுப்பது மாமா மாதிரி ஆட்களுக்கு லேசு. ஒரே நாளில் முடிந்துவிடும், கல்வெட்டில் பேரும் வரும். எங்கள் கோவிலில் ட்யூப் லைட்டில் எழுதியிருக்கிற பேரைத் தாண்டி வெளிச்சம் வந்தால் பெரிய விஷயம். கஷ்டம் எதில் என்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை திறப்பதில். எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். பிடி அரிசி என்று நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். மிசோரமில் இதே பழக்கம் இன்றும் பெரிய அளவில் நடக்கிறது, வீட்டுப் பெண்கள் எடுத்து வைக்கும் அரிசியை விற்றுத்தான் அங்கே சபைகள் ஊழியத்துக்குப் பணம் திரட்டுகின்றன. சோறு குறைந்த நாளிலும் ஆச்சி அந்தப் பிடியைக் குறைக்கவில்லை. பணக்கார வீட்டில் இதைச் செய்தால் சிரிப்பார்கள், ஆனால் மாமாவுக்கு நான் சொல்வது இதைத்தான், அரிசியை அவர் கையாலேயே அள்ளிப் போடட்டும், அத்தையிடம் ஒப்படைக்க வேண்டாம்.

அதே லூக்கா 3-ல் யோவான்ஸ்நானன் சொன்ன இரண்டு அங்கி விஷயமும் அந்த அளவுதான். இரண்டு இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. இருபது இருக்கிறவனுக்குத் தனியாக ஏதும் சொல்லவில்லை, அவனே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவில் (இன்றைய துருக்கியில்) பஞ்சம் வந்தபோது செசரியாவின் சபைப் பிதா பசிலியார் களஞ்சியக்காரர்களிடம் கேட்டது இன்னும் நேரடியாக இருக்கும், நீ பூட்டி வைத்திருக்கிற அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் இருக்கிற துணி நிர்வாணமாக இருப்பவனுடையது என்று.

அப்புறம் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, தோட்டத்து ஆள், இவர்களுக்குக் கூலி அன்றைக்கே போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். உபாகமம் 24 பொழுது சாய்வதற்கு முன் கொடு என்கிறது. வட்டிக்காரர்கள் வாங்குவதில் நாள் தவறமாட்டார்கள், கொடுப்பதில் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ வரும். அதில் மாற்றம் வந்தால் ஊருக்கே தெரியும், கல்வெட்டு தேவையில்லை.

உப்பளத்தான்:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக வடக்குத்தெரு அக்காவுக்கு. நேற்று மாமாவிடம் நெகேமியா 5-ஐ வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, ராத்திரி பீரோவைத் திறந்து நோட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார், அத்தை எனக்குப் போன் பண்ணிப் பயந்துபோய்க் கேட்டார். காலையில் என்னிடம் கேட்டது இரண்டு. எல்லாருக்கும் ஒரே தடவையில் கொடுக்கக் கையில் பணம் இல்லை, தோப்பை விற்க வேண்டியிருக்கும், அதுவரை என்ன செய்வது? இரண்டாவது, ஒரு ஆள் நிலத்தையே பத்திரம் பதிந்து அடமானம் வைத்திருக்கிறார், கடன் அடைந்துவிட்டது, ஆனால் பத்திரம் மாமாவிடம்தான் கிடக்கிறது. கோபுரத்துக்குச் சொன்ன தொகையைத் தள்ளிப்போடலாம் என்றும் அவரே சொல்கிறார், கமிட்டியிடம் சொல்ல மட்டும் தயக்கம்.

கருப்பட்டிக்காபி:

பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, காகிதங்களை இந்த வாரமே கொடுத்துவிடலாம், அதற்குக் காசு செலவில்லை. ஒவ்வொரு புரோநோட்டின் பின்னாலும் பைசலாகிவிட்டது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு உரியவரிடம் கொடுக்கட்டும், வெற்றுத்தாளையும் செக்கையும் அவர்கள் கண்ணெதிரே கிழிக்கட்டும். பதிந்த அடமானத்துக்கு மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, பதிவு அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கு ரசீது பதியவேண்டும், இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் அது தீராமலே நிற்கும், நாளைக்கு அந்த மனுஷர் நிலத்தை விற்கப் போனால் மாட்டிக்கொள்வார். அந்தப் பதிவுச் செலவும் மாமாவுடையதுதான்.

பணம் கொடுப்பதில் வீட்டை விற்ற குடும்பம் முதலில். கமிட்டியிடம் நீங்கள் போய்ப் பேசவேண்டாம், மாமாவே போய்ப் பேசட்டும்.

வடக்குத்தெரு:

செக்கைக் கிழிக்கும்போது அந்த வீட்டுப் பெண்களும் அங்கே இருக்கட்டும். ஆம்பளைகள் மட்டும் திண்ணையில் முடித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.