கல்லூரி முதலாண்டில் அடிப்படைக் கணிதத்தை அவரவர் வேகத்தில் கற்பிக்க முடியுமா?

கேள்வி: கேத்தி_கணிதம்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பணிபுரிகிறேன். வணிகவியல், கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதமும் புள்ளியியலும் எடுப்பது என் பொறுப்பு. சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் எட்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டி ஒரு சிறு தாள் கொடுத்துப் பார்த்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ‘மூன்று எக்ஸ் சமம் 12’ என்பதற்கு எக்ஸின் மதிப்பு −4 என்று எழுதியிருந்த மாணவரை அழைத்துக் காரணம் கேட்டேன். “பக்கம் மாறினால் குறி மாறும், மேடம்” என்று தயக்கமே இல்லாமல் சொன்னார். அந்த விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இத்தனை ஆண்டுகளில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதே மாணவர் விடுமுறையில் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் வேலை பார்த்தவர்; மழை நாளில் ஈரத்துக்கு நூற்றுக்கு இத்தனை கிலோ கழித்தால் மீதி இலைக்கு எவ்வளவு பணம் என்பதை மனக்கணக்காகவே சொல்லக்கூடியவர்.

ஒருவருக்குப் பின்னம் தகராறு, இன்னொருவருக்குக் குறை எண்கள், வேறொருவருக்குச் சதவீதம் வரையில் எல்லாம் தெரிந்தும் சமன்பாட்டில் மட்டும் தடுமாற்றம். எல்லோரையும் உட்காரவைத்துப் பின்னத்திலிருந்து தொடங்கினால் பாதிப் பேர் சலித்துப்போகிறார்கள். தொடங்காமல் விட்டால் மற்ற பாதிப் பேர் கூட்டு வட்டியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தேர்வு வைத்து, தேறியவர் அடுத்ததற்குப் போகவும் தேறாதவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதவும் இடமளிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஜூலை, ஆகஸ்டு மழையில் கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகளும், ஐப்பசி மழையில் குன்னூர், குந்தாப் பிள்ளைகளும் பல நாள் வர இயலாமல் போகிறது என்பதால் இந்த முறை நம் ஊருக்குப் பொருந்தும் என்றே தோன்றுகிறது. ஆனால் கெடு இல்லாவிட்டால் எல்லோரும் பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் வரை தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஒரசோலைக்காரன்

அமெரிக்காவில் ஓர் ஈராண்டுக் கல்லூரியில் இதே வகுப்பைப் பல ஆண்டுகள் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே இதற்கு ‘டெவலப்மென்டல் மேத்’ என்று பெயர். சேரும்போதே ஒரு தரம்பிரிக்கும் தேர்வு வைப்பார்கள்; அதில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் எண்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று படிப்படியாக ஏறி வந்த பிறகுதான் பட்டத்துக்குக் கணக்கில் வரும் பாடத்தில் உட்கார முடியும். இந்தப் படிகளுக்குக் கட்டணம் உண்டு, பட்டத்துக்கான மதிப்பு கிடையாது. இதனால் நேர்ந்தது என்னவென்றால், ஒரு படியில் தோற்றவர்கள் மட்டுமல்லாமல், தேறியவர்களிலும் பலர் அடுத்த படிக்குப் பதிவு செய்யவே இல்லை. வேலை மாறியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், அல்லது அலுத்துப்போயிருக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் அவரவர் வேகத்தில் கற்கும் முறைகள் பெருகின. வர்ஜீனியா மாநிலத்து ஈராண்டுக் கல்லூரிகள் 2012இல் இந்தப் பாடத்தை ஒன்பது சிறு அலகுகளாக உடைத்து, மாணவர் தாம் எடுத்துள்ள பட்டத்துக்குத் தேவையான அலகுகளை மட்டும் முடித்தால் போதும் என்று வைத்தன. இந்தக் கடைசிப் பகுதி நல்ல ஏற்பாடு. வணிகவியல் மாணவருக்கு வர்க்கமூல விகிதமுறுவாக்கல், அதாவது பின்னத்தின் பகுதியிலிருந்து வர்க்கமூலத்தை நீக்குவது, எதற்கு? ஆனால் அலகைச் சிறிதாக்கச் சிறிதாக்க, ஒரு மாணவர் விலகிப்போவதற்கான வாசல்களும் கூடிக்கொண்டே போகின்றன என்பதை அங்கே உணர்ந்தார்கள். நீங்கள் எத்தனை அலகு வைக்கிறீர்களோ அத்தனை இடத்தில் ஒருவர் காணாமல் போக வாய்ப்பு உண்டு.

அதே மாநிலத்தில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997இல் ஒரு பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணினிகளை வைத்து ஒரு கணிதக் கூடம் திறந்தது. மாணவர் வந்து தம் வேகத்தில் பயிற்சி செய்வார். ஐயம் வந்தால் கணினியின் மேல் ஒரு சிவப்புக் கோப்பையை வைப்பார். அதைப் பார்த்து ஒருவர் அருகில் வருவார். பின்னர் பல கல்லூரிகள் இந்த முறையை அடிப்படைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தபோது கணினிகளை வாங்கின, அருகில் வரும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க மறந்தன. நான் பணிபுரிந்த இடமும் அதற்கு விலக்கல்ல.

தள்ளிப்போடுவதைப் பற்றிய உங்கள் அச்சம் புதியது அன்று. உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் 1960களில் பிரேசிலிலும் பின்னர் அமெரிக்காவிலும் வகுத்த முறையில் நீங்கள் சொல்லும் எல்லாமே இருந்தன: சிறு அலகு, தேர்ச்சி பெற்றால்தான் அடுத்தது, தோற்றால் தண்டனை இல்லை. அதற்கு வந்த முதன்மையான குறையும் மாணவர் தள்ளிப்போடுவதுதான். அவர் வைத்திருந்த இன்னோர் உறுப்பை இப்போது பலர் விட்டுவிடுகிறார்கள்: பாடத்தை ஏற்கெனவே நன்றாக முடித்த மாணவர்களே விடைத்தாளை உடனுக்குடன் திருத்தி, எதிரே உட்கார்ந்து பிழையைப் பேசித் தீர்த்தார்கள்.

என் ஆலோசனை இரண்டு. வேகத்துக்கு மேல் எல்லை வேண்டாம், கீழ் எல்லை கட்டாயம் வேண்டும். வாரம் ஓர் அலகுத் தேர்வையாவது எழுதியே ஆக வேண்டும், தேறுகிறாரா என்பது வேறு. இரண்டாவதாக, இதை முதன்மைப் பாடத்துக்கு முன்னால் நிற்கும் கதவாக ஆக்காதீர்கள், பக்கத்திலேயே ஓடவிடுங்கள். கலிபோர்னியாவில் 2017இல் ஒரு சட்டமே கொண்டுவந்து, மாணவர்களைப் படிகளில் நிறுத்தாமல் பட்டப் பாடத்தில் நேராகச் சேர்த்து உதவியைக் கூடவே கொடுக்கும் பக்கம் திரும்பினார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர்

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, அம்மா. இன்று உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தொடக்கக் கல்வியையே இப்படித்தான் முடித்தார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில் கணிதத்துக்கு ஓர் ஏணி உண்டு. பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்து, முடித்து, அடுத்த படிக்குப் போகும். ஆசிரியர் உதவியோடு கற்பவர், சக மாணவர் உதவியோடு கற்பவர், தானே கற்பவர் என்று தனித்தனிக் குழுக்கள் பாயில் வட்டமாக அமர்ந்திருக்கும்.

கோத்தகிரி ஒன்றியத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான் அதை நடத்தியவன். அதில் கண்ட குறையைச் சொல்கிறேன். நாளடைவில் பிள்ளைகளின் கண் ஏணியில்தான் இருந்தது, கணக்கில் இல்லை. அட்டையை முடித்தாயிற்று என்று குறித்துக்கொள்வதே படிப்பாகிவிட்டது. இன்னொன்று, ஏணியில் நாள் கிடையாது. ஒரு பிள்ளை மூன்று வாரமாக அதே படியில் நின்றால் அதைத் தற்செயலாகத்தான் நான் கண்டுபிடித்தேன். பின்பு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யார் நகரவில்லை என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். யார் எவ்வளவு நகர்ந்தார் என்று எழுத நேரம் போதாது; நகராதவர் பட்டியல் ஐந்து நிமிட வேலை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

தரம்பிரிக்க எழுத்துத் தேர்வை மட்டும் நம்பாதீர்கள். −4 எழுதிய மாணவரை அழைத்துக் கேட்டீர்களே, அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது எந்த மதிப்பெண்ணிலும் தெரிந்திருக்காது.

பின்னத்தைப் பொறுத்தவரை, தமிழிலேயே கருவி இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. பின்னங்களைப் பெருக்கினால் ஏன் சிறிதாகிறது என்பதற்கு அந்தச் சொல்லே விளக்கம். கூட்டலுக்கு, காலும் அரைக்காலும் சேர்ந்தால் எத்தனை அரைக்கால் என்று கேளுங்கள். மூன்று என்பார்கள், பிறகு எட்டில் மூன்று என்று எழுதவையுங்கள். பகுதி எண்களைக் கூட்டக் கூடாது என்று நாம் சொல்லவே வேண்டியிருக்காது. விகிதத்துக்கு நம் மலை ரயில் இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில், ரயிலின் பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்காகப் பற்சட்டம் போட்ட பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12க்கு 1. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறுகிறது. இதையே பின்னமாக, தசமமாக, சதவீதமாக மாற்றச் சொன்னால் 8.33 என்று முடிவில்லாமல் ஓடுவதைக் கண்டு பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள். ஒரே ஏற்றத்தில் மூன்று அலகுகள் அடங்கிவிடும்.

பதில் 3: தேவாலா_மாணவி

வணக்கம், மேடம். நான் மூன்றாமாண்டு வணிகவியல் மாணவி. முதலாண்டில் இதுபோன்ற ஓர் இணையவழிப் பாடத்தை எங்களுக்குக் கொடுத்தார்கள். எந்த நிறுவனத்துடையது என்று சொல்ல விரும்பவில்லை. எங்கள் வீட்டில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்க வேண்டுமானால் தேயிலைத் தோட்டத்தின் மேல் முனைக்கு ஏற வேண்டும். மழைக்காலத்தில், அதிலும் யானை நடமாட்டம் இருக்கும் நாள்களில், மாலையில் யாரும் எங்களை அங்கே அனுப்ப மாட்டார்கள். ஆகவே எந்த நேரத்திலும் படிக்கலாம் என்று அவர்கள் சொன்னது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பகலாக மட்டுமே இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாடத்தில் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்; ஆனால் கேள்விகள் மாறுவதில்லை. மூன்றாம் முறையில் விடைகளின் வரிசையே மனப்பாடமாகிவிடும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் கடைசி நான்கு இரவுகளில் விடுதியில் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தோம். சான்றிதழ் வந்தது. சதவீதம் எனக்கு உண்மையில் புரிந்தது அதற்குப் பிறகு, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் நாலரைக் கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ தூள் வருகிறது என்று வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தபோதுதான். அதனால் தாளில் அச்சடித்துக் கொடுங்கள், மேடம். மறுதேர்வில் எண்களை மாற்றிக் கொடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குக் கேள்வியைத் தமிழிலும் போடுங்கள். பல நேரங்களில் நாங்கள் தோற்றது கணக்கில் இல்லை, கேள்வியின் ஆங்கிலத்தில்.

கேள்வி கேட்டவர்: கேத்தி_கணிதம்

மூவருக்கும் நன்றி. கைபேசிச் செயலி ஒன்றை வாங்கித் தரச் சொல்லித் துறையில் கேட்கலாம் என்றிருந்தேன். தேவாலா மாணவியின் கடிதத்தைப் படித்த பிறகு அதைக் கைவிட்டேன். பத்து அலகுகளை இரு மொழியிலும் தாளில் தயாரிக்கிறேன். ஒவ்வோர் அலகுக்கும் எண்கள் மாறிய நான்கு தேர்வுத் தாள்கள் வேண்டும். விடுமுறைக்குள் இரண்டு தாளாவது எழுதி முடியும், மற்ற இரண்டைப் பருவத்தின் போக்கில் சேர்க்கிறேன். வாரத்துக்கு ஒரு தேர்வு என்ற கீழ் எல்லையும், நகராதவர் நோட்டும் உண்டு. மழையால் வர இயலாதவர் வந்த வாரத்தில் இரண்டாக எழுதிக்கொள்ளலாம். அகமதிப்பீட்டில் ஒப்படைப்புக்கு உள்ள மதிப்பெண்ணை இதற்குக் கொடுக்கத் துறைத்தலைவர் இசைந்திருக்கிறார். ஆனால் முடித்த அலகுகளின் எண்ணிக்கைக்கா, அல்லது எழுத வந்ததற்கா என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. எண்ணிக்கைக்குக் கொடுத்தால் ஐயா சொன்ன ஏணிச் சிக்கல்தான் வரும் என்பது என் எண்ணம்.

திருத்தும் வேலைக்கு இரண்டாமாண்டு மாணவர்கள் ஆறு பேரைக் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை கடைசி மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பதில் 4: தேவாலா_மாணவி

மேடம், கடைசி மணி நேரம் வேண்டாம். கூடலூர்ப் பக்கம் போகிறவர்கள் பேருந்துக்காக மணி அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். நீங்கள் யாருக்காக இதைத் தொடங்குகிறீர்களோ அவர்களில் பலர் அந்தப் பேருந்தில்தான் இருப்பார்கள். உணவு இடைவேளைக்கு முந்தைய மணி நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். முடியாதவர்கள் இடைவேளையிலும் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போகலாம்.