பெங்களூர் பீர் கம்பெனியின் பழைய பாட்டில்கள்: வயது பார்ப்பது எப்படி?

லாங்குபஜார்:

வேலூர் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில் ஒரு சாக்கு நிறைய பழைய பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்று வகை இருக்கிறது.

முதலாவது கரும்பச்சை. தூரத்தில் இருந்து பார்த்தால் கறுப்பு மாதிரியே தெரியும். கார்க் வாய், அடியில் ஆழமான குழி, பக்கவாட்டில் அச்சுக்கோடு (அச்சின் இரு பாதி சேருமிடத்தில் விழும் கோடு) எதுவும் இல்லை. அடுத்தது பழுப்பு நிறம், சோடா மூடி போடுகிற வாய், தோளில் பெங்களூர் பீர் கம்பெனியான யுனைடெட் புரூவரிஸின் பெயர் புடைப்பெழுத்தில், கீழே 650 மி.லி. கடைசியாக நாலைந்து கோலி சோடா பாட்டில்.

கடைக்காரர் "கம்பெனி ஆரம்பிச்சது 1857, அதனால எல்லாமே அந்தக் காலத்துச் சரக்கு, கோட்டை அகழியில கிடைச்சது" என்கிறார். ஒன்று 1,500 ரூபாயாம். எது உண்மையிலேயே பழசு? உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பதை எப்படி எடுப்பது?

அச்சுக்கோடு:

1857 பொய்யில்லை, ஆனால் அது பாட்டிலின் வயது இல்லை. யுனைடெட் புரூவரிஸ் உருவானது 1915ல். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ஆலைகளைச் சேர்த்து அமைத்தது. அவற்றில் மூத்தது காஸில் புரூவரி, 1857. அந்த வருடத்தைத்தான் கம்பெனி தன் வயதாகச் சொல்லிக்கொள்கிறது. அவற்றில் இன்னொன்றான பெங்களூர் புரூயிங் கம்பெனி தொடங்கியது 1885, அதுவும் 1857க்குப் பிந்தியதுதான். யுனைடெட் புரூவரிஸ் விட்டல் மல்லையா (விஜய் மல்லையாவின் தந்தை) கைக்கு வந்தது சுதந்திரம் வந்த சமயத்தில். எனவே பாட்டில் மேல் யுனைடெட் புரூவரிஸ் என்ற பெயர் இருந்தாலே அது 1915க்கு முன் இருக்க முடியாது.

இன்னொன்று. ஆரம்ப நாட்களில் பட்டாளத்துக்கு பீர் போனது பெரும்பாலும் பீப்பாயில். ஹாக்ஸ்ஹெட் என்ற பெரிய பீப்பாய், சுமார் 245 லிட்டர், மாட்டு வண்டியில் ஏற்றிப் போவார்கள். அதனால் அந்தக் காலத்துப் பெங்களூர் பாட்டில் நம் பக்கம் சாக்குச் சாக்காகக் கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்கள் பழுப்பு பாட்டிலுக்கு 650 மி.லி. ஒன்றே போதும். மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956ல், நடைமுறைக்கு வர மேலும் சில வருடம் ஆனது. மெட்ரிக் அளவு கண்ணாடியிலேயே வார்த்திருந்தால் அது 1960க்குப் பிந்தையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் ஒட்டியிருந்தால் அதில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு.

கரும்பச்சைதான் சுவாரசியம். அச்சுக்கோடு இல்லை என்றதும் 'வாயால் ஊதியது, 200 வருஷம்' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரம். அச்சுக்குள் பாட்டிலைச் சுழற்றி எடுக்கிற முறை ஒன்று இருந்தது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீர், ஒயின் பாட்டில்களுக்கு அதிகம். சுழற்றும்போது கோடு அழிந்துவிடும். வெயிலில் சாய்த்துப் பிடித்து உடம்பைப் பாருங்கள். வட்டம் வட்டமாக மெல்லிய படுக்கைக் கோடுகள் தெரிந்தால் அது சுழல் அச்சு. ஊதி எடுத்ததாக இருந்தால் உடம்பு சமச்சீராக இராது, அடிக்குழிக்குள், பாட்டிலைப் பிடித்திருந்த கம்பியை ஒடித்து எடுத்த கரடுமுரடான வடு இருக்கும்.

அடுத்து வாய். கழுத்துக்கு மேல் தனிக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டி வாய் செய்திருந்தால், சேருமிடத்தில் கண்ணாடி வழிந்து நிற்பது நகத்தில் தட்டுப்படும். அது பழைய முறை. வழவழவென்று கருவியால் உருட்டியிருந்தால் அதற்குப் பின். அச்சுக்கோடு வாய் விளிம்பு வரை ஏறிப் போனால் இயந்திரம்.

வெளிநாட்டு அட்டவணைகளில் 'கோடு விளிம்பு வரை போகாவிட்டால் 1910க்கு முன்' என்று இருக்கும். அதை இங்கே அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். இந்தியாவில் கைவேலையும் பாதி இயந்திர வேலையும் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஓடின.

சோடா மூடி வாய்க்கு ஒரு கீழ் எல்லை உண்டு. அமெரிக்காவில் வில்லியம் பெயின்ட்டர் அந்த மூடிக்குக் காப்புரிமை வாங்கியது 1892, அதற்கு முன் இந்த வாய் இருக்க முடியாது.

உப்புத்தண்ணி:

சுத்தம் செய்வது பற்றி. முதலில் அது படிவா, கண்ணாடியே கெட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்ததும் தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கண்ணாடியின் மேல்தோல் அரித்துப் போயிருக்கிறது. மண்ணில் பல வருடம் ஈரத்தோடு கிடந்தால் கண்ணாடியில் உள்ள சோடா உப்பு கரைந்து வெளியேறி இப்படி ஆகும். எந்த அமிலமும் இதைச் சரி செய்யாது. செம்புத் துண்டும் மெருகுத் தூளும் போட்டு இயந்திரத்தில் நாள் கணக்கில் உருட்டித்தான் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்த்தால் எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் போகும்.

சில வியாபாரிகள் உள்ளே எண்ணெய் பூசி மங்கலை மறைத்து விற்பதுண்டு. வாங்கும் முன் ஒரு துணிச்சுருளைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டுத் துடைத்துப் பாருங்கள், பிசுக்கு வந்தால் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றியும் வெள்ளை அப்படியே நின்றால் அது சுண்ணாம்புப் படிவு. நம்ம ஊர் போர் தண்ணீருக்குச் சொல்லவா வேண்டும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் கைப்பிடி பச்சரிசியும் கொஞ்சம் பாத்திர சோப்பும் போட்டுக் குலுக்குங்கள். மணல் போடாதீர்கள், உள்ளே கீறும். எஃகு நாரும் கூடாது. கடைசிக் கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணீர், இல்லாவிட்டால் காயும்போது மறுபடி வெள்ளை வட்டம் விழும்.

துருக்கறை என்றால் ஆக்ஸாலிக் அமிலம், கெமிக்கல் கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 30 முதல் 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். அது விஷம். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகள் வராத இடத்தில் செய்யுங்கள். பாத்ரூம் ஆசிட் ஊற்றிய பாட்டிலில் பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

குளிர்ந்த பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றுகிற வேலையும் வேண்டாம். தடித்த அடிப்பாகமும் மெல்லிய தோளும் வெவ்வேறு வேகத்தில் விரியும், தோளோடு ஒரு விரிசல் ஓடிவிடும். லேபிள் இருக்கிற பாட்டிலை ஊறப்போடவே கூடாது. லேபிள் போனால் விலையில் பெரும்பங்கு போச்சு.

பாலாற்றங்கரை:

அகழிக் கதை விலை ஏற்றுவதற்காக இருக்கலாம். நிஜமாக இருந்தால் இன்னும் சிக்கல். கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதியில்லாமல் அங்கே தோண்டுவது குற்றம். எந்த வழியில் வந்தது என்று எழுதிக் கேளுங்கள், எழுதித் தரமாட்டார். மேலும் 100 வருடம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். வீட்டில் வைத்துக்கொள்வது வேறு, வெளிநாட்டுக்காரருக்குப் பார்சல் அனுப்புவது வேறு. தனியாள் ஏற்றுமதி செய்யவே முடியாது.

மதுவிலக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் சார். 1937ல் சேலத்தில் தொடங்கி 1939ல் வட ஆற்காட்டுக்கு (அப்போது வேலூர் இருந்த மாவட்டம்) வந்தது. போர்க்காலத்தில் தளர்ந்து, 1948ல் மாகாணம் முழுக்க அமலானது. 1971ல்தான் விலக்கிக்கொண்டார்கள். ஆகவே இந்த மாவட்டத்தில் சாக்குக் கணக்கில் வரும் 650 மி.லி. பாட்டில் பெரும்பாலும் 71க்குப் பிறகு குடித்துப் போட்டதாக இருக்கும், அல்லது பெங்களூரில் இருந்து காலி பாட்டிலாக வந்த சரக்கு.

கோலி சோடா பாட்டில் வேறு கதை. ஹைரம் காட் இங்கிலாந்தில் 1872ல் காப்புரிமை வாங்கிய வடிவம், ஆனால் இந்தியாவில் நம் காலம் வரை செய்து வந்திருக்கிறார்கள். வடிவத்தை வைத்து வயது சொல்ல முடியாது. அடியில் பார்ன்ஸ்லி, டான் ரைலண்ட்ஸ் போன்ற ஊர், கம்பெனிப் பெயர் வார்த்திருந்தால் இறக்குமதி, அது தனி மதிப்பு. அடி விளிம்புத் தேய்மானத்தை லென்ஸில் பாருங்கள். கிரேட்டில் இழுபட்ட பாட்டிலில் கீறல் தாறுமாறாக, பல திசையில் இருக்கும். பழசு போலக் காட்ட எமரி தாளில் தேய்த்ததில் எல்லாம் ஒரே திசை.

லாங்குபஜார்:

நன்றி. மறுபடி போய்ப் பார்த்தேன். கரும்பச்சையில் படுக்கைக் கோடுகள் தெரிகின்றன, வாய்க்குக் கீழே வழிந்த கண்ணாடி தட்டுப்படுகிறது. அடியில் வடு இல்லை, எழுத்தும் இல்லை. கழுத்து நடுவரை தண்ணீர் ஊற்றி எடை போட்டதில் தண்ணீர் மட்டும் 755 கிராம். கோலி பாட்டில் அடியில் ஒன்றும் இல்லை.

அச்சுக்கோடு:

755 நல்ல செய்தி. பழைய ஆங்கிலேய 'ரெப்யூட்டட் குவார்ட்' அளவு சுமார் 757 மி.லி. சுழல் அச்சு, ஒட்டிய வாய், அளவு மூன்றும் ஒத்துப்போகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இறக்குமதி பாட்டில் என்று சொல்லலாம். பெங்களூர் கம்பெனியோடு முடிச்சுப் போட எழுத்தோ லேபிளோ வேண்டும், அது இல்லை. அந்தக் காலத்தில் இறக்குமதி பாட்டிலைக் கழுவி யார் யாரோ எதையெதையோ நிரப்பினார்கள்.

கரும்பச்சையில் வாய் சிதறாத ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள், 1,500ல் இருந்து பேரம் பேசி இறக்குங்கள். பழுப்பு பாட்டிலுக்குக் காயலான் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். கோலி பாட்டிலில் ரப்பர் வளையம் நல்லபடி இருந்தால் சோடா போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்குத்தான் அது உடனே உபயோகம்.