சமுதாயக் கல்லூரி நர்சிங் இடத்துக்கு விண்ணப்பித்தவர்களின் அனுபவங்கள்

கலிபோர்னியா, விரிகுடாப் பகுதியிலிருந்து

வணக்கம். அரசு நடத்தும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியின் நர்சிங் படிப்பில் இவ்வாண்டும் இடம் கிடைக்கவில்லை என்ற மின்னஞ்சல் வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. இது எனக்கு இரண்டாவது முறை. வீட்டில் இதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துவிட்டதால், இதே வழியில் போய் வந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டில் உயிர்வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இங்கு வந்து, பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் மேற்படிப்பைப் பற்றி நினைக்க முடிந்தது. மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் வசித்ததால் உள்ளூர் மாணவருக்கான கட்டணமே எனக்கும் பொருந்தியது. பாட அளவைக் கணக்கிடும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். தனியார் கல்லூரியில் இதே நர்சிங் படிப்புக்குக் கேட்ட தொகையைப் பார்த்த பின் வேறு யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று. ஊரில் ஆய்வகத்தோடு படித்த அறிவியல் பாடங்கள் எதையும் கல்லூரி ஏற்கவில்லை என்பதால், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்றையும் முதலிலிருந்து படித்தேன். முப்பத்தைந்து வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன்.

உடலியங்கியல் படித்த செமஸ்டரின் நடுவில் என் மாமனார் காலமானார். உடனே ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்ததால் அந்தப் பாடத்திலிருந்து விலகினேன். மதிப்பெண் பட்டியலில் விலகலைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்று பதிவாயிற்று. அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தை மீண்டும் எடுத்து ‘ஏ’ வாங்கியதோடு பழைய விலகல் அழிந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். விண்ணப்பித்தவர்களைப் புள்ளி கொடுத்து வரிசைப்படுத்தும் கல்லூரி இது. முதல் நிராகரிப்புக்குப் பிறகுதான், அறிவியல் பாடத்தை எத்தனை முறை எடுத்தோம் என்பதற்குத் தனியாகப் புள்ளி குறைப்பார்கள் என்பது தெரிந்தது. இம்முறை நான் இடத்தைத் தவறவிட்டது ஒன்றரைப் புள்ளியில். மூன்றாவது முறையும் விண்ணப்பிப்பதா, நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்புவதா என்று புரியவில்லை.

சாக்ரமெண்டோவிலிருந்து

தங்கைக்கு, உங்களைவிட மூத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு, மூன்றாவது முறை இடம் பெற்று, இப்போது பதிவுபெற்ற செவிலியராக மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். உங்கள் ‘டபிள்யூ’ கதையைப் படித்தபோது என் பழைய கோபம் திரும்ப வந்தது, ஏனென்றால் எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. மகப்பேற்றுக்காக விலகியவளும் தோற்றுப்போனவளும் அந்தக் கணக்கில் ஒன்றுதான் என்பதை இன்றுவரை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். நம் மாநிலத்தில் தேர்வுமுறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில கல்லூரிகள் குறைந்தபட்சத் தகுதி உள்ள எல்லோரையும் குலுக்கலில் போடுகின்றன. சில கல்லூரிகள் பல அளவுகோல்களுக்குப் புள்ளி கொடுத்து வரிசைப்படுத்துகின்றன. இரண்டையும் கலந்து செய்பவையும் உண்டு. குலுக்கல் முறையில் உங்கள் ‘டபிள்யூ’வுக்குப் பெரிய பொருளில்லை. எனவே ஒரே கல்லூரியின் வாசலில் மூன்றாண்டு நிற்பதைவிட, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் உள்ள எல்லாக் கல்லூரிகளின் புள்ளித் தாள்களையும் அச்சிட்டுச் சமையல் மேசையில் பரப்பிவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அதை மூன்றாவது ஆண்டில்தான் செய்தேன். முதல் பாடத்தில் சேர்வதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அப்படிப் பரப்பிவைத்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. புள்ளி கொடுப்பதற்கான அளவுகோல்களில் ஆங்கிலம் அல்லாத மொழியறிவையும் மாநிலக் கல்விச் சட்டம் சேர்த்திருக்கிறது. எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் மொழிகளில் ஸ்பானிஷ், தகலாக், சீனம், அமெரிக்கச் சைகை மொழி ஆகியவற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளும் உண்டு. மொழிக்கான கட்டம் ஸ்பானிஷ்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து இரண்டாண்டுகள் அதைக் காலியாகவே விட்டிருந்தேன். எதைச் சான்றாக ஏற்பார்கள் என்பது கல்லூரியைப் பொறுத்தது. என் கல்லூரி பள்ளி மதிப்பெண் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பைக் கேட்டது. குறைந்த குடும்ப வருமானம், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருத்தல், வேலை பார்த்துக்கொண்டே படித்தல் போன்ற வாழ்க்கைச் சூழல்களும் மருத்துவத் துறை அனுபவமும் அதே சட்டத்தில் அளவுகோல்களாக உள்ளன. நம்மவர்கள் இந்தக் கட்டங்களைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம்.

நர்சிங் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வாகிய டீஸ் பற்றியும் ஒரு சொல். இங்கே மொத்த மதிப்பெண் 62 விழுக்காடு இருந்தால் தகுதி வந்துவிடும், ஆனால் போட்டி அதற்கு மேலேதான் தொடங்குகிறது. 170 கேள்விகளுக்கு 209 நிமிடங்கள். அறிவியல் பகுதியைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். என்னைக் கவிழ்த்தது ஆங்கிலப் பகுதி, 37 கேள்விக்கு 37 நிமிடம். கணக்குப் பகுதியில் கணக்கு எளிதுதான், ஆனால் லிட்டரிலும் கிலோவிலும் வளர்ந்த நமக்குப் பைன்ட், குவார்ட், அவுன்ஸ் ஆகியவை நாக்கு நுனியில் இருக்காது. நான் பால் புட்டியையும் மாவுப் பொட்டலத்தையும் பார்த்துப் பார்த்தே அவற்றைப் பழகினேன். நான் விண்ணப்பித்த கல்லூரி தகுதி எல்லையைத் தாண்டிய முதல் மதிப்பெண்ணையே கணக்கில் எடுத்தது. எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று போய் எழுதிய ஒருவர் 65 வாங்கி, அதையே சுமக்க வேண்டியதாயிற்று.

வட கரோலினாவிலிருந்து

இங்கு நான் சேர்ந்த கல்லூரியில், செவிலியர் உதவியாளர் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. முதலில் அது வீண் அலைச்சலாகத் தோன்றியது. முதியோர் இல்லத்தில் பயிற்சிக்காகப் போன முதல் நாளிலேயே, குழப்பமாகப் பேசும் ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் என் பாட்டியின் கடைசிக் காலத்தில் அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறேன். என் கையால் செய்தது அன்றுதான். என்னோடு பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரில் மூவர் இரண்டு வாரத்துக்குள் நின்றுவிட்டார்கள். நர்சிங் இடத்துக்காக மூன்றாண்டு படித்த பிறகு தெரிவதைவிட, இது முதல் மாதத்திலேயே தெரிவது நல்லது என்றே சொல்வேன். விண்ணப்பத்துக்கு முன் ஓராண்டு அதே இல்லத்தில் இரவுப் பணி பார்த்தேன். வேலை அனுபவத்துக்கு எனக்குக் கிடைத்த புள்ளி அதனால்தான்.

டல்லாஸ் பகுதியிலிருந்து

அக்காமார் இருவரும் எழுதியதோடு டெக்சாஸ் நிலவரத்தையும் சேர்க்கிறேன். தகவல்தொழில்நுட்ப வேலை போன பிறகு, முப்பத்தெட்டு வயதில் இந்தப் பக்கம் வந்தவன் நான். வகுப்பில் ஆண்கள் நால்வர்தான் இருக்கிறோம். உறவினர்களில் சிலர் இன்னும் அதைக் கேலியாகவே பேசுகிறார்கள், அதைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

என் கல்லூரியில் டீஸ் இல்லை; ஹெசி ஏ2 என்ற தேர்வு. அதில் எந்தெந்தப் பகுதிகளை எழுத வேண்டும் என்பதைக் கல்லூரியே முடிவு செய்கிறது. நான் தெரியாமல் வேதியியலுக்கு ஒரு மாதம் செலவிட்டேன், என் கல்லூரி அந்தப் பகுதியைக் கேட்கவே இல்லை. கேட்டது சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கணக்கு, உடற்கூறியல்.

நான் உண்மையில் அடிபட்டது கால வரம்பில். ஐந்தாண்டுக்குள் முடித்த அறிவியல் பாடங்களையே ஏற்பார்கள் என்பது எங்கள் கல்லூரியின் விதி. பணம் சேரச் சேர ஒவ்வொரு பாடமாக எடுத்துவந்ததால், கடைசிப் பாடம் முடியும் வேளையில் முதல் பாடத்துக்கு நான்கரை ஆண்டு வயதாகிவிட்டது. ஒரு விண்ணப்பச் சுற்றுக்குத்தான் அது தாங்கும். அந்தச் சுற்றில் காத்திருப்போர் பட்டியலில் ஆறாவது இடத்தில் நின்று, வகுப்பு தொடங்குவதற்கு நான்கு நாட்களுக்கு முன் ஒருவர் விலகியதால் உள்ளே வந்தேன். அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் வால்மார்ட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அறிமுகமில்லாத எண் என்று முதல் முறை எடுக்காமல் விட்டேன். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள் தயவுசெய்து எல்லா அழைப்பையும் எடுங்கள்.

சாக்ரமெண்டோவிலிருந்து மீண்டும்

தகுதியுள்ள இவ்வளவு பேரை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். வகுப்பறை நாற்காலிகள் அல்ல தடை. மருத்துவமனைப் பயிற்சியில் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் ஏறத்தாழ பத்து மாணவர்தான் இருக்க முடியும். அந்தப் பயிற்சி இடங்களுக்காகவே அருகிலுள்ள கல்லூரிகளெல்லாம் ஒரே மருத்துவமனைகளை மொய்க்கின்றன. கற்பிக்கத் தகுதி பெற்ற செவிலியர் நோயாளியின் படுக்கை அருகே வேலை பார்த்தால் ஆசிரியர் சம்பளத்தைவிடக் கூடுதலாக ஈட்டலாம் என்பதால் ஆசிரியர்களும் கிடைப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: 1952-இல் மில்ட்ரெட் மொன்டாக் என்ற அம்மையார் ஏழு கல்லூரிகளில் இந்த இரண்டாண்டு நர்சிங் படிப்பைச் சோதனையாகத் தொடங்கியதே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட செவிலியர் பற்றாக்குறையை விரைவாகத் தீர்ப்பதற்காகத்தான்.

தங்கை கேட்ட நான்காண்டுப் பட்டம் பற்றி: உரிமத் தேர்வு இரண்டு வழியினருக்கும் ஒன்றேதான், ஆனால் பெரிய மருத்துவமனைகள் பல இளநிலைப் பட்டத்தை விரும்புகின்றன. சமுதாயக் கல்லூரியில் படிக்கும்போதே அரசுப் பல்கலைக்கழகத்தின் பட்டப் பாடங்களையும் சேர்த்து எடுக்கும் ஏற்பாடு சில கல்லூரிகளில் உண்டு. நான் அப்படித்தான் முடித்தேன். எனவே ஒன்றை விட்டுத்தான் மற்றொன்று என்று எண்ண வேண்டாம்.

நியூ ஜெர்சியிலிருந்து

எனக்கு இடம் கிடைத்த பிறகுதான் உண்மையான ஓட்டம் தொடங்கியது. சேர்க்கைக் கடிதம் வந்த மூன்று வாரத்துக்குள் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை, இதய உயிர்ப்பு முதலுதவிச் (சி.பி.ஆர்.) சான்றிதழ், தடுப்பூசிப் பதிவுகள் அனைத்தையும் பதிவேற்ற வேண்டும். ஊரில் போட்ட ஊசிகளுக்கு அம்மாவின் அலமாரியில் ஒரு மஞ்சள் அட்டை மட்டும் இருந்தது, அதில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றலைக் காட்டித் தப்பித்தேன்.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மூர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். குழந்தையாக இருந்தபோது போட்ட பிசிஜி ஊசியால் தோலில் செய்யும் பரிசோதனை பொய்யாக ‘ஆம்’ என்று காட்டிவிடக்கூடும். எனக்கு அப்படித்தான் கை வீங்கியது. மார்புப் படம் எடுக்கச் சொன்னார்கள், ஒரு வாரம் போயிற்று. பிசிஜியால் பாதிக்கப்படாத இரத்தப் பரிசோதனை இருக்கிறது, குவான்டிஃபெரான் என்பார்கள். முதலிலேயே அதைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்த வாரம் தப்பியிருக்கும். கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியை மூன்று தவணையாகப் போட்டால் ஆறு மாதமாகும் என்பதால், விண்ணப்பிக்கும்போதே முதல் தவணையைப் போட்டுக்கொள்வது நல்லது.

கலிபோர்னியா, விரிகுடாப் பகுதியிலிருந்து மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நான்கு கல்லூரிகளின் புள்ளித் தாள்களை மேசையில் பரப்பிவைத்தேன். அவற்றில் ஒன்று குலுக்கல் முறை, வீட்டிலிருந்து ஐம்பது நிமிடம். என் பழைய விண்ணப்பத்தின் நகலையும் எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்னதுபோலவே மொழிக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அதற்கு இரண்டு புள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்த மதிப்பெண் பட்டியல் திருச்சியில் தம்பி வீட்டில் இருக்கிறது. அதை ஏற்பார்களா என்று கேட்டுக் கல்லூரியின் மாணவர் ஆலோசகருக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன்.